கெட் எங்க இடிக்குது? அறிகுறி பாத்து சரி பண்ற வழி

இங்கிலீஷ்ல கெட் (get, இறந்த காலத்துல காட், got) இல்லாம ஒரு பத்து நிமிஷப் பேச்சு கூட ஓடாது, நம்ம ஆளுங்களோட வாக்கியம் அதிகமா கோணிக்கிறதும் அதே வார்த்தையிலதான். அகராதிய தொறந்தா வாங்கு, கிடை, ஆகு, போய்ச் சேர், புரிஞ்சுக்கோ, கொண்டு வா, செய்ய வைன்னு வரிசையா போட்டிருப்பாங்க, அத மனப்பாடம் பண்ணிட்டு யாரும் பேச முடியாது, பண்ணவும் வேணாம்.

ரிப்பேர் பாக்க ஒரே ஒரு இடத்தப் பாத்தா போதும்: கெட்டுக்கு அடுத்து என்ன வார்த்தை உக்காந்திருக்கு? அர்த்தம் கெட்ல இல்ல, அங்கதான் இருக்கு. பின்னாடி ஒரு பொருள் வந்தா "கிடைச்சது, வாங்கினேன்". டயர்ட், ஆங்ரி மாதிரி நிலையச் சொல்ற வார்த்தை வந்தா "ஆச்சு". இடம் வந்தா "போய்ச் சேந்தேன்". வினைச்சொல்லோட மூணாவது வடிவம் வந்தா "எனக்கு நடந்தது" இல்லன்னா "செய்ய வெச்சேன்". எல்லாத்துக்கும் அடியில ஓடுறது ஒரே விஷயம், முன்னாடி இல்லாத ஒண்ணு இப்ப வந்து சேருது, இல்லன்னா ஒரு நிலையில இருந்து இன்னொண்ணுக்கு மாறுது. இந்த வார்த்தை வைக்கிங்குகளோட பழைய நார்ஸ் மொழியில இருந்து இங்கிலீஷுக்குள்ள வந்தது, அங்கயும் அதுக்கு அடைவது, பெறுவதுங்கிற அர்த்தம்தான், மீதி எல்லாம் அதுல இருந்து கிளைச்சது. அதனால ரெண்டாவது சோதனை: இங்க ஏதாவது மாறுதா? மாறலைன்னா கெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிங்க.

இனி உங்க அறிகுறி எதுன்னு தேடிப் பாருங்க.

அறிகுறி: "ஐ ஆம் கெட்டிங் ஸ்லீப்", "ஐ ஆம் கெட்டிங் ஆங்கர்", "ஐ ஆம் கெட்டிங் ஃபியர்"

தமிழ் பேசுறவங்களுக்குன்னே வர்ற கோளாறு இது, நம்ம மொழி வேலை செய்யிற விதத்துல இருந்து நேரா வருது, அதனால இங்க கொஞ்சம் நிதானமா பாக்கலாம். தமிழ்ல தூக்கம், கோபம், பயம், பசி, வெட்கம் எல்லாமே பெயர்ச்சொல், அதெல்லாம் எங்கயோ இருந்து "எனக்கு வருது". எனக்கு தூக்கம் வருது, எனக்கு கோபம் வருது. நாம பேசாம உக்காந்திருக்கோம், அது வந்து நம்மள பிடிக்குது. இங்கிலீஷ்ல இந்த அமைப்பு கிடையாது, அங்க நாமதான் எழுவாய், நம்ம நிலைதான் மாறுது. அதனால கெட்டுக்குப் பின்னாடி தூக்கத்தப் போடக்கூடாது, "தூக்கம் வர்ற நிலையில"ங்கிற வார்த்தையப் போடணும். ஸ்லீப்பி, ஆங்ரி, ஹங்க்ரி, ஸ்கேர்ட். "ஐ ஆம் கெட்டிங் ஸ்லீப்பி", "ஐ ஆம் கெட்டிங் ஹங்க்ரி", அவ்வளவுதான், சரியாயிடும்.

ஆனா தமிழ்ல "வருது" போடுற எல்லாத்துக்கும் கெட் ஒத்து வராது, இங்கதான் நிறைய பேர் மறுபடியும் மாட்டுறாங்க. ஞாபகம் வருதுன்னா கெட் வேணாம், "ஐ ரிமெம்பர்" போதும். சிரிப்பு வருதுன்னா "இட் மேக்ஸ் மீ லாஃப்". அழுகை வருதுன்னா "ஐ ஃபீல் லைக் கிரையிங்". சந்தேகம் வருதுன்னு கிளாஸ்ல கை தூக்கும்போது "ஐ ஆம் கெட்டிங் எ டவுட்"னு சொல்லாதீங்க, "ஐ ஹேவ் எ கொஸ்டின்"னு கேளுங்க, ஏன்னா டவுட்னா அவங்க காதுல "நீங்க சொல்றத நான் நம்பல"ன்னு கூட விழும், பாடம் நடத்துறவர் முகம் மாறுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

காய்ச்சல்ல ஒரு சின்ன விஷயம். "ஐ காட் ஃபீவர்"னா நம்ம ஊர்ல எல்லாருக்கும் புரியும், வெளிய பேசும்போது முன்னாடி ஒரு "எ" சேத்துக்கோங்க, "ஐ ஹேவ் எ ஃபீவர்", "ஐ காட் எ கோல்ட்". டெங்கு மாதிரி பேருள்ள நோய்க்கு அந்த "எ" வேணாம், "ஹி காட் டெங்கு" அப்படியே நிக்கும்.

அறிகுறி: "ஐ ஆம் கெட்டிங் லேட்"னு சொன்னா வெளிநாட்டுக்காரங்க ஒரு செகண்ட் முழிக்கிறாங்க

"எனக்கு லேட் ஆகுது"ங்கிறத அப்படியே தூக்கி வெச்சது இது. இந்தியாவுக்குள்ள ஓடும், பிரச்சனை இல்ல. வெளிய "ஐ ஆம் ரன்னிங் லேட்"னு சொல்லுங்க. "இட்ஸ் கெட்டிங் லேட்" வேற, அது நேரம் ஆயிடுச்சு, ராத்திரி ஆகப் போகுது, கெளம்பலாமாங்கிற மாதிரி. நேரம்தான் அங்க மாறுது, ஆள் இல்ல. "இட்ஸ் கெட்டிங் டார்க்", இருட்டுது, அதுவும் இந்த வகைதான்.

அறிகுறி: "ஷி காட் எ டாக்டர்"னு சொன்னேன், "யாருக்கு உடம்பு சரியில்ல?"ன்னு கேட்டாங்க

பொண்ணு டாக்டர் ஆயிட்டான்னு பெருமையா சொல்ல வந்தீங்க, அவங்களுக்கு "அவ ஒரு டாக்டர கூட்டிட்டு வந்தா"ன்னு கேட்டிருக்கு. மேல சொன்ன சோதனையப் போட்டா உடனே புரியும், கெட்டுக்குப் பின்னாடி பெயர்ச்சொல் வந்தா அது "ஆகு" இல்ல, "கிடை, கொண்டு வா". பதவி, தொழில் ஆகுறதுக்கு எப்பவும் பிகம்: "ஷி பிகேம் எ டாக்டர்". மெடிக்கல் சீட் கெடைச்சதுக்கு "ஷி காட் இன்டு மெடிக்கல் காலேஜ்"னு சொன்னா அழகா இருக்கும், உள்ள போய்ச் சேந்துட்டாங்கிற அர்த்தம் அந்த இன்டுல வந்துடுது.

அறிகுறி: போன்ல "ஐ ஆம் நாட் கெட்டிங் யூ"ன்னு சொன்னா, எதிர்ல இருக்கிறவர் அதையே சத்தமா திருப்பிச் சொல்றார்

உங்களுக்கு காது கேக்கலையா, புரியலையா? இந்த ஒரு வாக்கியம் ரெண்டுக்கும் நடுவுல தொங்குது, அதனால அவர் சத்தத்த கூட்டுறார், நீங்க விளக்கம் எதிர்பாக்குறீங்க, கால் சென்டர்லயும் ஆன்சைட் மீட்டிங்லயும் இதனாலயே நேரம் வீணாகுறது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கு, ஏன்னா சரி பண்றது அவ்வளவு சுலபம். காது கேக்கலைன்னா "ஐ கான்ட் ஹியர் யூ". குரல் விட்டு விட்டு வந்தா "யூ ஆர் பிரேக்கிங் அப்". கேட்டுச்சு, ஆனா அந்த ஒரு வார்த்தைய பிடிக்க முடியலைன்னா "சாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்". எல்லாம் நல்லா கேட்டுச்சு, விஷயம்தான் மண்டைல ஏறலைன்னா அப்ப கெட், "ஐ டோன்ட் கெட் இட்". பாருங்க, கெட்டிங் இல்ல, வெறும் கெட். "ஐ டோன்ட் கெட் ஹிம்"னு ஆள் மேல போட்டா அர்த்தம் மாறிடும், அந்த மனுஷனையே என்னால புரிஞ்சுக்க முடியலன்னு ஆயிடும்.

இதே "இங்" தொந்தரவு சம்பளத்துலயும் வரும். "ஐ ஆம் கெட்டிங் தர்ட்டி தவுசண்ட்"னா ஏதோ இப்போதைக்கு வந்துட்டு இருக்கிற மாதிரி கேக்கும், மாசா மாசம் வர்றதுக்கு "ஐ கெட்" இல்லன்னா "ஐ எர்ன்". மாறிட்டே இருக்கிறதுக்குதான் கெட்டிங் பொருந்தும், "மை சன் இஸ் கெட்டிங் டாலர் (taller)", பையன் வளந்துட்டே போறான்.

அறிகுறி: "எஸ்டர்டே ஐ காட் டு கோ டு த பேங்க்"னு சலிச்சுக்கிட்டேன், "ஓ நைஸ்"ங்கிறாங்க

எல்லா கோளாறுலயும் எனக்கு முக்கியமா படுறது இதுதான், ஏன்னா இலக்கணம் தப்பில்லாம அர்த்தம் மட்டும் தலைகீழா போயிடுது, யாரும் திருத்தவும் மாட்டாங்க. காட் டு மூணு வேலை செய்யும்.

"ஐ காட் டு மதுரை அட் சிக்ஸ்": பின்னாடி ஊர் வருது, ஆறு மணிக்கு போய்ச் சேந்தேன்.

"ஐ காட் டு மீட் த கலெக்டர்": பின்னாடி வினைச்சொல் வருது, சந்திக்கிற வாய்ப்பு கெடைச்சது, அதுல ஒரு சந்தோஷமும் ஒட்டிக்கிட்டு வரும்.

"ஐ ஹேவ் காட் டு மீட் த கலெக்டர்": ஹேவ் இருக்கு, அப்ப சந்திச்சே ஆகணும், கட்டாயம்.

சிக்கல் என்னன்னா பேச்சுல அந்த ஹேவ் சுருங்கி ஐவ்னு ஆகும், அப்புறம் அதுவும் காணாம போயிடும், கடைசில ரெண்டும் ஒரே மாதிரி கேக்கும். கட்டாயத்துக்கு உள்ளத அவங்க "காட்டா"ன்னு உருட்டிச் சொல்லுவாங்க, "ஐ காட்டா கோ". இன்னொரு கைப்பிடி, நேரம். நேத்து நடந்ததப் பத்தி பேசினா காட் டு கட்டாயமா இருக்கவே முடியாது, நேத்தைய கட்டாயத்துக்கு ஹேட் டு மட்டும்தான். "எஸ்டர்டே ஐ ஹேட் டு கோ டு த பேங்க்", பேங்குக்கு போக வேண்டியதா போச்சு. நீங்க காட் டு போட்டதால பேங்குக்கு போற பாக்கியம் கெடைச்சதுன்னு அவங்க எடுத்துக்கிட்டாங்க, அதான் நைஸ்.

இந்த வாய்ப்பு அர்த்தத்த நாம ரொம்ப கம்மியா பயன்படுத்துறோம், அத கத்துக்கிட்டா பேச்சு சட்டுனு இயல்பாயிடும். "ஐ டிடின்ட் கெட் டு ஈட்", சாப்பிடவே நேரம் கெடைக்கல. "டிட் யூ கெட் டு சீ த பேபி?", குழந்தைய பாக்க முடிஞ்சுதா? தமிழ்ல நாம நாள் பூரா சொல்ற விஷயங்கள்தான இதெல்லாம்.

கூடவே "ஐ காட் டு நோ தட் ஹி ரிசைன்ட்". ஒரு சேதி தெரிய வந்துச்சுங்கிறதுக்கு நாம இத போடுறோம். வெளிய கெட் டு நோ பெரும்பாலும் ஆளோடதான் வரும், பழகிப் பழகி தெரிஞ்சுக்கிறது, "ஐ காட் டு நோ ஹர் இன் காலேஜ்". சேதிக்கு "ஐ ஹர்ட் (heard)" இல்லன்னா "ஐ ஃபவுண்ட் அவுட்".

அறிகுறி: "ஐ காட் டு ஹோம்"

டு-வ எடுத்துடுங்க. ஹோம், ஹியர், தேர், பேக், அப்ஸ்டேர்ஸ், இதுங்களுக்கு முன்னாடி டு வராது. "ஐ காட் ஹோம் அட் நைன்". ஆபீஸ், ஸ்டேஷன், ஊர்ப்பேர் எல்லாத்துக்கும் டு வேணும்.

அறிகுறி: "கெட் டவுன் அட் த நெக்ஸ்ட் ஸ்டாப்"னு சொன்னா லண்டன்ல பக்கத்து சீட்டுக்காரர் குனியப் பாக்குறார்

பஸ்ல இருந்து இறங்குறது நமக்கு மேல இருந்து கீழ வர்றது, அதான் டவுன். இத தப்புன்னு ஒதுக்க எனக்கு மனசில்ல, இந்தியா முழுக்க கோடிக்கணக்கான பேர் சொல்றாங்க, யாருக்கும் குழப்பம் இல்ல, இந்திய இங்கிலீஷ்ல அது நிலைச்சுப் போன வழக்கு. ஆனா பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் திடீர்னு கெட் டவுன்னு சத்தமா சொன்னா தலைய குனி, தரையோட படுங்கிற எச்சரிக்கையா கூட கேக்கும். அங்க பஸ், ட்ரெயின், விமானம், பைக் எல்லாத்துக்கும் கெட் ஆன், கெட் ஆஃப். காருக்கும் ஆட்டோவுக்கும் கெட் இன், கெட் அவுட். உள்ள எழுந்து நடக்க முடியிற வண்டியும் மேல ஏறி உக்கார்ற வண்டியும் ஆன் ஆஃப் பக்கம், குனிஞ்சு உள்ள நுழையிற வண்டி இன் அவுட் பக்கம், இப்படி வெச்சுக்கிட்டா பெரும்பாலும் தப்பாது. ஏணி, மரம், சுவர், இதுல இருந்து இறங்க கெட் டவுன் எங்கயும் சரிதான்.

அறிகுறி: "ஐ கட் மை ஹேர்"னு சொன்னதும் "நீயேவா?"ன்னு ஆச்சரியப்படுறாங்க

முடி வெட்டிக்கிட்டேன், வண்டிய சர்வீஸ் பண்ணேன், பல்லு புடுங்கினேன், வீட்டுக்கு பெயின்ட் அடிச்சேன். தமிழ்ல யார் செஞ்சாங்கன்னு சொல்லாமலே புரியும், சலூன்காரர்தான் வெட்டியிருப்பார்னு கேக்கிறவங்களுக்குத் தெரியும். இங்கிலீஷ் அத ஊகிச்சுக்காது, நீங்கதான் கத்தரிக்கோல் எடுத்தீங்கன்னு எடுத்துக்கும். இங்க கெட், அப்புறம் பொருள், அப்புறம் மூணாவது வடிவம்: "ஐ காட் மை ஹேர் கட்", "ஐ காட் மை பைக் சர்வீஸ்ட்", "வீ காட் த ஹவுஸ் பெயின்டட்". வரிசை மாறக்கூடாது, "ஐ காட் கட் மை ஹேர்"னு போட்டா உடஞ்சிடும்.

கல்யாணமும் இங்கதான் வருது. "ஐ ஆம் கெட்டிங் மேரேஜ்" இல்ல, "கெட்டிங் மேரிட்". யாரோடன்னு சொல்ல வித் வேணாம், டு. பொண்ணுக்கு கல்யாணம் பண்ணி வைக்கிறோம்ங்கிறதுக்கு "வீ ஆர் கெட்டிங் அவர் டாட்டர் மேரிட்". ஒரே வினை, நடுவுல ஆள் வந்தா பண்ணி வைக்கிறது, வரலைன்னா தானே பண்ணிக்கிறது.

ஆபீஸ்ல "ஐ வில் கெட் இட் டன்"னு ஒருத்தர் சொன்னா அவரே முடிப்பாரா, ஆள விட்டு முடிப்பாரான்னு அந்த வாக்கியத்துல இருக்காது, முடிஞ்சிடும்ங்கிறது மட்டும்தான் வாக்குறுதி. யார் கைல வேலைன்னு தெரியணும்னா தனியா கேட்டுக்கோங்க.

அறிகுறி: "ஐ காட் ஹிம் சைன்"

ஒரு டு விட்டுப் போச்சு. ஆளச் செய்ய வைக்கிறதுக்கு கெட் வந்தா டு வேணும், "ஐ காட் ஹிம் டு சைன்". மேக், ஹேவ் ரெண்டுக்கும் வேணாம், "ஐ மேட் ஹிம் சைன்", "ஐ ஹேட் ஹிம் சைன்". அர்த்தமும் ஒண்ணு இல்ல. மேக்னா கட்டாயப்படுத்தி, ஹேவ்னா நம்ம பொறுப்புல இருக்கிற ஆள்கிட்ட சொல்லி, கெட்னா பேசி சம்மதிக்க வெச்சு, கொஞ்சம் பாடுபட்டு. புள்ளைய சாப்பிட வெச்சேன்னு ஒரு அம்மா சொல்றதுக்கு கெட்தான் பொருத்தம்.

அறிகுறி: "த டெம்பிள் காட் பில்ட் இன் 1010" ஏன் உறுத்துது?

காட் ஃபயர்ட், காட் ப்ரமோட்டட், காட் பெய்ட், காட் ஹர்ட் (hurt) எல்லாம் சரி, யாருக்கோ ஏதோ ஒண்ணு நடந்து அவங்க நிலை மாறுது, பேச்சும் சாதாரணப் பேச்சு. தஞ்சாவூர் பெரிய கோயில் 1010-ல கட்டி முடிஞ்சதுங்கிறது வரலாற்றுத் தகவல், அங்க வாஸ் போடுங்க, "வாஸ் பில்ட்". கெட் போட்டா ஏதோ ஒரு வேலை எப்படியோ ஒரு வழியா முடிஞ்சுதுங்கிற தொனி வந்துடும், அந்தக் கோயிலுக்கு அது பொருந்தாது. கெட் லாஸ்ட் பத்தியும் சொல்லிடுறேன், நமக்கு அது திட்டு மட்டும்தான், ஆனா "வீ காட் லாஸ்ட்"னா வழி மாறிட்டோம்னு சாதாரணமா சொல்றது, தயங்காம பயன்படுத்தலாம்.

அறிகுறி: "டூ யூ ஹேவ் காட் எ பென்?", அப்புறம் காட்டென் (gotten)னு எழுதினா தப்போன்னு பயம்

முதல்ல பேனா. "டூ யூ ஹேவ் எ பென்?" இல்லன்னா "ஹேவ் யூ காட் எ பென்?", ரெண்டுல ஒண்ணு, கலக்கக் கூடாது. ஹேவ் காட்ங்கிறது உருவத்துல முடிஞ்சுபோன காலம் மாதிரி தெரிஞ்சாலும் அர்த்தம் இப்ப இருக்கிறதுதான், "ஐவ் காட் டூ பிரதர்ஸ்", எனக்கு ரெண்டு அண்ணன் தம்பி இருக்காங்க. முன்னாடி இருந்ததுக்கு ஹேட் மட்டும் போதும், "ஐ ஹேட் எ சைக்கிள்".

காட்டென் தப்பே இல்ல, அமெரிக்க வழக்கு. ஒரு காலத்துல இங்கிலாந்துலயும் இருந்ததுதான், அங்க தேய்ஞ்சு போச்சு, அமெரிக்காவுல நின்னுடுச்சு. அமெரிக்கர்கள் ரெண்டையும் வெச்சுக்கிட்டு வித்தியாசமும் காட்டுறாங்க: "ஐவ் காட் எ கார்"னா என்கிட்ட கார் இருக்கு, "ஐவ் காட்டென் எ கார்"னா கார் வாங்கியிருக்கேன். "இட்ஸ் காட்டென் கோல்டர்", குளிர் கூடிடுச்சு. பிரிட்டிஷ் முறைப்படி எழுதுறீங்கன்னா அங்கயும் காட் போதும். ஒரே கட்டுரைக்குள்ள ரெண்டையும் கலக்காம இருந்தா சரி.

அறிகுறி: தெரிஞ்ச கெட்தான், ஆனா பின்னாடி ஒரு குட்டி வார்த்தை வந்ததும் ஒண்ணும் புரியல

ஓவர், பை, த்ரூ, அலாங் வந்து ஒட்டிக்கிட்டா கெட்டையும் அதையும் சேத்து ஒரே வினையா எடுத்துக்கோங்க. தினமும் காதுல விழுற சிலத மட்டும் சொல்றேன். கெட் ஓவர், துக்கம், நோய், காதல் தோல்வி இதுல இருந்து மீண்டு வர்றது. கெட் பை, இருக்கிறத வெச்சு ஏதோ ஓட்டுறது. கெட் த்ரூ, போன் லைன் கெடைக்கிறது, பரீட்சை தேர்றது, கஷ்ட காலத்த தாண்டுறது மூணுக்கும் வரும். கெட் அலாங், ஒத்துப் போறது. கெட் அவே வித், தப்பு பண்ணிட்டு மாட்டாம தப்பிக்கிறது. கெட் அப் நமக்கு நல்லா தெரியும், சினிமால சொல்ற கெட்டப் கூட இங்கிலீஷ்ல உள்ள பெயர்ச்சொல்தான், உடுத்தியிருக்கிற விதம். கெட் அவுட்ட திட்டா மட்டுமே கேட்டுப் பழகினவங்க, அமெரிக்க நண்பர் "கெட் அவுட் ஆஃப் ஹியர்!"னு சிரிச்சுக்கிட்டே சொன்னா கோச்சுக்காதீங்க, "சும்மா சொல்லாத, நிஜமாவா?"ங்கிறதுதான் அது.

காலிங் பெல் அடிக்குது, ஒருத்தர் "ஐ வில் கெட் இட்"ங்கிறார். வாங்கவும் இல்ல, புரியவும் இல்ல, நான் போய் தொறக்கிறேன்னு அர்த்தம். போன் அடிச்சாலும் அதேதான், நான் எடுக்கிறேன்.

அறிகுறி: பேச்சுல எல்லாம் சரி, எழுத்துல மட்டும் மார்க் குறையுது

ஐஇஎல்டிஎஸ் கட்டுரை, ரிப்போர்ட், விண்ணப்பக் கடிதம் மாதிரி இடங்கள்ல கெட் பேச்சு வழக்கா தெரியும், அதிகமா வந்தா சொல்வளம் குறைவுங்கிற எண்ணமும் வரும். அங்கயும் அதே சோதனைதான், பின்னாடி வர்ற வார்த்தையப் பாத்து மாத்துங்க: கடிதம், தகவல்னா ரிசீவ், முயற்சி பண்ணி வாங்கினதுன்னா அப்டெய்ன், நிலை மாறினா பிகம், ஊர்னா அரைவ் இல்லன்னா ரீச், ரீச்சுக்குப் பின்னாடி டு வேணாம். ஆனா கூட வேலை பாக்கிறவருக்கு அனுப்புற மெயில்ல "ஐ காட் யுவர் மெசேஜ்" தாராளமா போடலாம், அத அடிச்சுட்டு அப்டெய்ன்னு மாத்தினா அரசாங்க உத்தரவு மாதிரி ஆயிடும். பதில் அப்புறம் சொல்றேன்னு எழுத ரிவர்ட் பேக் வேணாம், "ஐ வில் கெட் பேக் டு யூ பை ஃப்ரைடே", எந்த நாட்டு ஆபீஸ்லயும் இது சரியா போய்ச் சேரும்.